கித்தோவில் நான் கொடுத்த தோள்

ஒரு வீட்டின் ஒரே மருமகனாக இருப்பதைப் போலச் சுகமான உத்தியோகம் உலகத்தில் வேறில்லை. நேர்முகத் தேர்வு ஒரு முறைதான். அதற்குப் பிறகு உங்கள் தகுதியை யாரும் சோதிப்பதில்லை. கோழிக்கால் தானாக உங்கள் தட்டுக்கு வரும். நீங்கள் உளறும் அரசியலுக்கு மாமனார் "ம்" கொட்டுவார். இதில் ஒரே ஒரு ஆபத்துதான். மனைவிக்கு ஒரு தங்கை இருந்தால், அவளும் ஒருநாள் கலியாணம் முடிப்பாள்.

என் மனைவி ஜெசிக்கு ஒரு தங்கை இருந்தாள். மெலனி என்று பெயர். ஒஸ்லோவில் தன்னோடு படித்த அந்திரேஸ் என்ற எக்குவடோர் நாட்டுப் பையனை அவள் ஒரு மார்கழியில் நத்தார் விருந்துக்கு, ஒஸ்லோவின் கோடியில் ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் மாமா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பையன் நல்லவன். அடக்கமானவன். நண்டுக் குழம்பைக் கையால் சாப்பிட்டு, மூக்கு ஒழுக ஒழுக இன்னும் கொஞ்சம் கேட்டான். (அன்றைக்கே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.)

மாமா கோபம் வந்தால் கத்துகிற ஆள் அல்ல, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிற ஆள். மாதக்கணக்காக அந்த வீட்டில் செய்தி வாசிப்பவர்கள்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். பையன் வேற்று நாட்டவன் என்பதைக்கூட அவர் மெல்லமெல்ல விழுங்கிவிட்டார். எங்களைப் போலவே வேதக்காரப் பையன், கத்தோலிக்கன் என்பது அதற்கு உதவியது. ஆனால் ஒன்று மட்டும் அவர் தொண்டையில் நின்றது.

"தாய் தேப்பனைக் கண்டனாங்களோ? அவையள் எப்பிடிப்பட்ட ஆக்கள் எண்டு ஆரைக் கேக்கிறது? எங்கடை ஊர் எண்டால் ரெண்டு பேரிட்டை விசாரிச்சால் சரி. இது ஆரிட்டை விசாரிக்கிறது?"

கலியாணம் அந்திரேசின் ஊரான கித்தோவில் என்று முடிவானபோது மாமா தன் நிபந்தனையைச் சொன்னார். "வாறன். பெடியன்ரை தேப்பனை ஒருக்கா நேரிலை பாக்கிறன். எனக்கு மனசுக்குச் சரியெண்டு பட்டால் பிள்ளையைக் கைபிடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவன். படாட்டில் நான் ஓட்டலிலை இருப்பன். நீங்கள் நடத்துங்கோ."

மெலனி அன்று முழுவதும் அழுதாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்குப் போகவேண்டும் என்பதைத் தவிர அவள் வேறெதையும் கேட்கவில்லை. ஆகவே, கலியாணத்துக்கு முதல்நாள் அந்திரேசின் வீட்டில் மதியச் சாப்பாடு, இரண்டு தகப்பன்மாரும் சந்திப்பது என்று ஏற்பாடானது. காலையில் மணப்பெண்ணுக்கு ஆயிரம் வேலை. மாமாவையும் மாமியையும் நகரம் சுற்றிக் காட்டி, நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

"அத்தான், சும்மா சுத்திக் காட்டிப்போட்டு ஒரு மணிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வேறை ஒண்டும் செய்யாதேங்கோ" என்றாள் மெலனி. கடைசி வசனத்தை அவள் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறந்தது ஹம்மர்பெஸ்டில். அப்பா அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். வடதுருவத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன் என்பதால், குளிர், மலை, பனி ஆகிய மூன்றிலும் நான் சொல்வதே தீர்ப்பு என்று ஒரு நினைப்பு. படித்தது கட்டடப் பொறியியல். ஒரு பாரம் எந்தத் தூணில் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இந்த இரண்டு தகைமைகளையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

கித்தோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே வெக்கையாக இருக்கும், ஒருவரும் யாக்கெட் கொண்டுவரத் தேவையில்லை என்று வெஸ்ட்லியில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நின்று உத்தரவு போட்டிருந்தேன். அந்த நகரம் மலைகளுக்கு நடுவே, முகில் உரசும் உயரத்தில் இருக்கிறது என்ற தகவலும் என் கண்ணில் பட்டதுதான். அது மலையேறுகிறவர்களுக்கான தகவல் என்று விட்டுவிட்டேன்.

காலையில் முதல் வேலையாக எல்லோரையும் வண்டியில் ஏற்றிப் பூமத்திய ரேகை நினைவுச்சின்னத்துக்குக் கொண்டுபோனேன். நோர்வேயிலிருந்து வந்த நான்கு பேர் பூமியின் நடுக்கோட்டில் நின்று கிடுகிடுவென்று நடுங்கினோம். மாமி சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டார். நான் தொலைபேசியைப் பார்த்து, ஒரு கால் வட அரைக்கோளம், மறு கால் தென் அரைக்கோளம் என்று விளக்கம் கொடுத்தேன். மாமா நிலத்தில் கிடந்த மஞ்சள் கோட்டை நெடுநேரம் பார்த்தார்.

"நாங்கள் இதுக்குக் கொஞ்சம் மேலைதானே பிறந்தனாங்கள் தம்பி" என்றார். "அங்கை ஒருத்தரும் கோடு கீறிக் காசு வாங்கேல்லை."

பக்கத்துக் கடையில் மாமா ஒரு தடித்த கம்பளிப் போஞ்சோவை வாங்கித் தலைவழியாகப் போட்டுக்கொண்டார். சாம்பல் நிறம், கரையில் சிவப்புக் கோடு. மாமிக்கும் ஜெசிக்கும் சால்வை. எனக்கும் ஒன்று வாங்கச் சொன்னார்கள். ஹம்மர்பெஸ்டில் பிறந்தவன் கம்பளி போர்த்துவதா? மழைக்குப் போடும் மெல்லிய மஞ்சள் யாக்கெட்டின் சிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, பல் தந்தியடிப்பதை வெளியே காட்டாமல் முன்னால் நடந்தேன்.

அடுத்தது பழைய நகரம். கல் பாவிய தெருக்கள், வெள்ளைச் சுவர்கள், உள்ளே முழுவதும் தங்கத் தகடு போர்த்த ஒரு கோயில். மாமி ஒவ்வொரு பீடத்துக்கு முன்னாலும் முழங்கால் போட்டார். அந்த உயரத்தில் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. எனக்கு மட்டும்தான். மாமாவும் மாமியும் பெருநாளுக்கு வந்தவர்கள் போல உலாவிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் முகத்தில் ஒரு மலர்ச்சிகூடத் தெரிந்தது. எல்லாம் என் வழிகாட்டலின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். நேரமும் இருந்தது. அந்திரேசின் வீடு அங்கிருந்து சில தெருக்கள்தான். அப்படியே நேராகக் கூட்டிக்கொண்டு போயிருந்தால், இன்றைக்கு நான் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

கோயிலை விட்டு வெளியே வந்தால் பேண்ட் வாத்தியச் சத்தம். தெரு முனையில் மாதா வந்துகொண்டிருந்தார்.

ஏதோ ஒரு பங்குக் கோயிலின் ஊர்வலம். ஊதா அங்கி போட்ட ஆண்கள் ஒரு பெரிய மரப் பல்லக்கைத் தோளில் சுமந்து வந்தார்கள். அதன் மேல் வெள்ளி முடியோடு மாதா. சுற்றிவர லில்லிப் பூச்சாடிகள், மெழுகுதிரிகள். மாமி செபமாலையை எடுத்துவிட்டார். மாமாவின் கண் கலங்கிவிட்டது. தீவுப்பகுதியில் பிறந்த வேதக்காரர் அவர். ஊர்க் கோயில் பெருநாளிலும் சரி, ஒஸ்லோவில் நாங்கள் கொண்டாடும் பெருநாளிலும் சரி, மாதாவின் சுரூபம் புறப்பட்டால் ஆண்கள் முண்டியடித்துக்கொண்டு தோள் கொடுப்பார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒருவர் களைத்தால் அடுத்தவர் புகுந்துவிடுவார். தோள் கொடுத்தவனுக்கு அன்று முழுவதும் ஒரு மரியாதை. வேடிக்கை பார்த்தவனை ஊர் கணக்கில் எடுக்காது.

பல்லக்கு எங்களுக்கு முன்னால் வந்தபோது மாமா மெல்லச் சொன்னார், "அந்திரேசும் இப்பிடித் தூக்கி வளந்த பெடியனாத்தான் இருப்பான் போலை."

முதல் தடவையாக அவர் அந்தப் பையனைப் பெயர் சொல்லிச் சொன்னார். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. அவன் இன்னும் தாலிகூடக் கட்டவில்லை, அதற்குள் என் கதிரையில் பாதியில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துப் பின்மூலையில் இருந்த சுமையாள் ஒருவர், முகம் துடைக்கவோ என்னவோ, வெளியே வந்தார். அடுத்த கணம் அந்த இடத்தில் நான் நின்றேன். வெளியே வந்தவர் திகைத்துப்போய் ஸ்பானிய மொழியில் என்னிடம் நிறையச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே சொல்லான "கிராசியாஸ்" சொன்னேன். அவர் கையை விரித்துக்கொண்டு ஒதுங்கினார். வரவேற்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஊரில் சுமையாட்களை உயரம் பார்த்துத்தான் நிறுத்துவார்களாம். பிறகுதான் அறிந்தேன். நோர்வேயில் எந்த அலுவலகப் படத்திலும் நான் முன்வரிசையில் குந்தியிருப்பவன். பின்னால் நின்றால் தெரியாது. கித்தோவில் அந்தப் பல்லக்கின் கீழ், வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் எல்லோரையும் விட உயரமாக இருந்தேன். இடமும் வலமும் தலைகளைக் கீழே பார்த்தேன். அந்தப் பெருமை இரண்டு நிமிடம் நீடித்திருக்கும்.

பிறகு தெரு மேட்டில் ஏறத் தொடங்கியது.

சுமக்கிறவர்களில் ஒருவன் மட்டும் உயரமாக இருந்தால் பாரம் அவன் தோளில் இறங்கும். மேட்டில் ஏறும்போது அது பின்னால் நிற்பவனிடம் வரும். இதைக் கணக்குப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் என்று சொன்னேன் அல்லவா? கணக்கு இப்போது என் வலது தோள் எலும்பில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்களின் தோளில் தடித்த பஞ்சுப் பட்டை இருந்தது. என் தோளில் மழை யாக்கெட் இருந்தது. என் பக்கத்தில் நின்றவர் மிக இலகுவாக நடந்துகொண்டிருந்தார். அவருடைய தோளுக்கும் மரத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது.

ஜெசி பக்கத்தில் ஓடி வந்தாள். "என்னப்பா செய்யிறியள்? மணி பன்னெண்டரை. வெளியிலை வாங்கோ."

"எப்பிடி வாறது? நான் விட்டால் மாதா சரிஞ்சிடுவா."

"நீங்கள் வர முந்தி மாதா நேராத்தானே வந்தவ."

அவள் மாமாவிடம் போனாள். மாமா போஞ்சோவுக்குள் கைகளைக் கட்டிக்கொண்டு, உதடு அசைய, பல்லக்குக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த ஊர் ஆள்.

"அப்பா, அந்திரேசின்ரை வீட்டிலை காத்துக்கொண்டு இருப்பினம். நாங்கள் போவம். அவர் பிறகு வரட்டும்."

"மாதாவைப் பாதி வழியிலை விட்டுட்டுப் போறதோ? கோயிலுக்குள்ளை போய்ச் சேரட்டும்" என்றார் மாமா. மாமி அதற்கும் மேலே போய், "தம்பி என்ன நேர்த்தி வச்சாரோ, பாவம், இடையிலை குழப்பாதை" என்றார். நான் எந்த நேர்த்தியும் வைக்கவில்லை. அப்போதுதான் வைத்தேன். உயிரோடு வெளியே வந்தால் இனி ஒருவனைப் பார்த்தும் பொறாமைப்படுவதில்லை என்று.

ஜெசி அந்திரேசுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவள் நோர்வேஜிய மொழியில் கதைத்தது எனக்கும் கேட்டது. "இல்லை, வழி தவறவில்லை. மாதாவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம். என் கணவர் பின்னால் இல்லை, கீழே இருக்கிறார். ஆமாம், கீழேதான்." பிறகு கடைப் பெயர்ப்பலகை ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "அங்கேயே நில்லுங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று அவன் சொன்னானாம். நிற்பதா போவதா என்பது எங்கள் கையில் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.

மேட்டின் உச்சிக்கு வந்துவிட்டோம். என் கண்ணுக்கு முன்னால் வெள்ளிப் பூச்சிகள் பறந்தன. முன்னால் நின்ற ஒருவர் பல்லக்கின் மரத்தில் டொக், டொக் என்று இரண்டு தட்டுத் தட்டினார். உடனே என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் முழங்காலை மடித்துக் கீழே போகத் தொடங்கினார்கள்.

இரண்டு தட்டு என்றால் இளைப்பாற இறக்கு என்று அர்த்தம். இதை அந்தத் தெருவில் பலூன் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தைகளும் அறிந்திருந்தார்கள். நான் கண்டது என்னவென்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் களைத்துச் சரிகிறார்கள். மாதா விழப்போகிறார். காப்பாற்றக்கூடியவன் நான் ஒருவன்தான். ஒஸ்லோவில் எங்கள் குடியிருப்புக்காரர் எல்லோரும் சேர்ந்து முற்றம் துப்புரவாக்கும் டுக்னாட் நாட்களில், யாரும் கேட்காத மரக்குற்றியைத் தனியே தூக்கி முதுகு பிடித்துக்கொள்கிற அதே வீரம் என்னுள் எழுந்தது. பல்லைக் கடித்தேன். உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி, மேலே உந்தினேன்.

பல்லக்கின் மூன்று மூலைகள் கீழே போயின. என் மூலை மட்டும் மேலே போனது.

மாதா முன்பக்கம் சரிந்தார். தெரு முழுவதும் ஒரே மூச்சாக "ஆ" என்றது. பேண்ட் நின்றது. பூச்சாடிகள் உருண்டன. மெழுகுதிரி ஒன்று ட்ரம்பட் வாசித்தவரின் காலடியில் விழுந்தது. நாலைந்து பேர் என்னைப் பார்த்து ஏதோ கத்தினார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உந்தினேன்.

அப்போது கூட்டத்திலிருந்து இரண்டு பேர் பாய்ந்தார்கள். ஒருவர் சாம்பல் போஞ்சோ. வீட்டில் தண்ணீர்ப் போத்தலைக்கூட மாமியை எடுத்துத் தரச் சொல்லும் என் மாமா. மற்றவர், கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்ட, நரைத்த மீசைக்காரர். ஒருவர் இடமும் ஒருவர் வலமுமாக முன்னால் புகுந்து, சரிந்து வந்த பல்லக்கைத் தோளில் ஏந்திக்கொண்டார்கள். கடைசிப் பூச்சாடியின் தண்ணீர் முழுவதும் கோட்டுக்காரரின் தலையில் கொட்டியது. அவர் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது. அந்திரேஸ்.

"இறக்குங்கள், இறக்குங்கள்" என்றான் நோர்வேஜிய மொழியில், குழந்தைக்குச் சொல்வது போல. "விட்டுவிடுங்கள், போதும்."

நான் விட்டேன். பல்லக்கு மெதுவாக நிலத்தில் இறங்கியது. மாதாவின் முடி கொஞ்சம் சரிந்திருந்ததே தவிர வேறு சேதமில்லை. சேதமெல்லாம் எனக்குத்தான். நடைபாதையில் உட்கார்ந்தேன். யாரோ ஒரு அம்மா எதுவும் கேட்காமல் என் யாக்கெட்டைக் கழற்றி, மூக்கைத் துளைக்கும் ஏதோ எண்ணெயைத் தோளில் அரக்கித் தேய்த்தார். எனக்கு அழுகை வந்தது. வலி பாதி, வெட்கம் பாதி. இதோ, மெலனியின் ஒரே ஆசையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன், தகப்பன்மார் சந்திக்கவேண்டிய சாப்பாட்டைத் தெருவில் சண்டையாக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

தலையை நிமிர்த்திப் பார்த்தால், பல்லக்குக்கு முன்னால் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். கோட்டுக்காரரின் மீசையிலிருந்து பூத்தண்ணீர் சொட்டியது. காதுக்குப் பக்கத்தில் ஒரு லில்லி இதழ் ஒட்டியிருந்தது. அந்திரேஸ் நடுவில் போய் நின்று, "இவர் என் அப்பா" என்றான், தட்டுத் தடுமாறித் தமிழில்.

மாமா போஞ்சோவுக்குள் கைவிட்டு, மாமி மடித்து வைத்த கைலேஞ்சியை எடுத்தார். அந்த மனிதரின் நெற்றியைத் துடைத்தார். பிறகு தோளைத் துடைத்தார். அவர் மாமாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார். மாமா "ஓம், ஓம்" என்றார். விளங்கியவர் மாதிரி.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி மாமியிடம் சொன்னார். "இனி ஆரையப்பா விசாரிக்கிறது? விழப்போற மாதாவுக்குத் தோள் குடுத்த மனிசன்."

மாதக்கணக்காக நான் மாமாவின் முகத்தில் காணாத சிரிப்பு அது. என் பொறாமையும் தோள் வலியும் எங்கேயோ போய்விட்டன. நெஞ்சு நிறைந்துபோனது. உண்மையாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் நான் ஒரு ஆளாகவே கணக்கில் இல்லை என்பதுகூட எனக்குச் சந்தோசமாக இருந்தது.

யாரும் சாப்பாட்டுக்குப் போகவில்லை. இரண்டு தகப்பன்மாரும் கைகோர்த்துக்கொண்டு மாதா கோயிலுக்குள் போகும்வரை பின்னால் நடந்தார்கள். அந்திரேசின் அம்மா வீட்டில் சூப்பைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருந்தாராம். மறுநாள் மாமா மெலனியின் கையைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிச் சென்றார். எல்லாக் கலியாணப் படங்களிலும் நான் இருக்கிறேன். வெள்ளைத் துணியில் கை தொங்கப்போட்டபடி, போரிலிருந்து திரும்பியவன் போல. மெலனி மட்டும் என்னிடம் வந்து, "வேறை ஒண்டும் செய்யாதேங்கோ எண்டு சொன்னனான் தானே அத்தான்" என்று சொல்லிக் கட்டிப்பிடித்தாள். இடது பக்கமாக.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த இரண்டு தட்டு எங்கள் குடும்பத்தில் சட்டமாகிவிட்டது. விருந்தில் நான் அரசியல் கதைக்கத் தொடங்கினால், மேசையில் டொக், டொக். பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னால், கதவில் டொக், டொக். யார் தட்டினாலும் நான் கையில் உள்ளதை, வாயில் உள்ளதை இறக்கிவிட வேண்டும். மாமாகூடத் தட்டுவார். "ம்" கொட்டிய காலம் போய்விட்டது.

போன கோடையில் மெலனியின் குழந்தைக்கு ஒஸ்லோவில் ஞானஸ்நானம். அந்திரேசின் தாய் தகப்பன் கித்தோவிலிருந்து வந்திருந்தார்கள். மண்டபத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். குழந்தையின் பெரியப்பாவாக எழுந்து நின்று குடும்பம், ஒற்றுமை, இரு கண்டங்களின் இணைப்பு என்று நல்ல தமிழில் பேசினேன். பேச்சு சூடுபிடித்துக்கொண்டிருந்தது. மரியாதைக்கோ என்னவோ, வீட்டார் ஒருவரும் தட்டவில்லை. மாமாவும் அந்திரேசும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தார்கள். இன்றைக்கு நான் தப்பினேன் என்று நினைத்து, அடுத்த தலைமுறை என்ற புதிய தலைப்புக்குள் நுழைந்தேன்.

அப்போது மேசையின் கோடியிலிருந்து இரண்டு தட்டுக் கேட்டது. நரைத்த மீசைக்காரர். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நான் என்ன பேசுகிறேன் என்று யாரும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவும் இல்லை.